பாங்கு சொல்லும் கடிகாரம்

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளின் பெட்டி திறக்கப்படும் வேளை நம் இல்லங்களில் ஒரு சிறு பெருநாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வரை கூடிவிடுவார்கள். அத்தர், பால்மாவு, கனத்த போர்வை, கைக்கடிகாரம் என்று முன்பு வந்த பொருட்களெல்லாம் இப்போது நம்மூர்க் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. எனவே, பெற்றோருக்குப் புதிதாக எதைக் கொண்டுபோகலாம் என்று தேடும் பிள்ளைகளின் கண்ணில் படுபவை வணக்க வழிபாடுகளுக்கென்றே செய்யப்பட்ட விந்தையான சிறு கருவிகள்.

ஐந்து வேளையும் தானே பாங்கு சொல்லும் கடிகாரம். விரலில் மோதிரம்போல் மாட்டிக்கொண்டு தஸ்பீஹ் எண்ணும் கருவி. கிப்லா காட்டும் ஊசி பொருத்தப்பட்ட முஸல்லா. குர்ஆன் ஷரீஃபின் எழுத்தின்மீது வைத்தவுடன் ஓதிக் காட்டும் பேனா. கரியும் நெருப்பும் இல்லாமல் மின்சாரத்தில் ஊது புகைக்கும் சட்டி. அந்த ஊதுசட்டியைச் சீப்பு வடிவிலும் செய்திருக்கிறார்கள். தலை வாரும்போதே கூந்தலுக்குள் புகை ஏறிவிடுமாம். அண்மையில் ஓர் இல்லத்தில் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கு இதனால் பயனில்லை என்று என் வழுக்கைத் தலையைக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன்.

இவற்றுள் சில பயனுள்ளவை. சில வேடிக்கையானவை. ஒன்றிரண்டோ, நாம் கவனமாய் இல்லாவிட்டால் நம் நோன்பையும் தொழுகையையும் கெடுத்துவிடக் கூடியவை. அந்த ஒன்றிரண்டைப் பற்றி எழுதவே பேனாவை எடுத்தேன் என்றாலும் மற்றவற்றைத் தொடாமல் போக மனம் வரவில்லை.

இத்தகைய கருவிகளைக் கண்டதும், "இதெல்லாம் இக்காலத்து வெள்ளைக்காரன் வித்தை" என்று நம்மில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது சரியன்று. பக்தாதில் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள், முஹம்மது, அஹ்மது, ஹஸன் ஆகியோர், 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலில் ஏறத்தாழ நூறு பொறிகளை விவரித்துள்ளனர். திரியைத் தானே உயர்த்திக்கொள்ளும் விளக்கும், குறிப்பிட்ட அளவு ஊற்றியதும் தானே நின்றுவிடும் குடமும் அவற்றில் உண்டு. அவர்களுக்குப்பின் தியார்பக்ரில் அர்துக் மரபு மன்னர் நாஸிருத்தீன் மஹ்மூதிடம் பணியாற்றிய அல்-ஜஸரீ, 1206-இல் தம் நூலை முடித்தார். அதில் 50 பொறிகள் படங்களுடன் விளக்கப்பட்டுள்ளன.

தாம் உளூச் செய்யும்போது ஏவலர் ஒருவர் நின்று தண்ணீர் ஊற்றுவதை அந்த மன்னர் விரும்பவில்லையாம். எனவே உளூவுக்கென்றே பொறிகளைச் செய்துகொடுத்தார் அல்-ஜஸரீ. அவற்றுள் ஒன்று மயில் வடிவானது. மயிலின் அலகிலிருந்து தண்ணீர் கொட்டும். கழுவிய நீர் அடியிலுள்ள தொட்டியில் சேரச்சேர அதிலுள்ள மிதவை உயர்ந்து ஒரு கதவைத் திறக்கும். கைகழுவும் பொடியுடன் ஒரு பொம்மை வெளியே வரும். நீர் இன்னும் உயர்ந்ததும் துவாலையுடன் மற்றொரு பொம்மை வரும். மின்சாரமோ பாட்டரியோ இல்லாமல், நீரின் எடையைக் கொண்டே இவ்வளவும் நடந்திருக்கிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், மலேசிய நிறுவனமொன்று தானியங்கி உளூக் கருவியை அறிமுகப்படுத்தியபோது அதைப் பெரும் புதுமையாகப் பத்திரிகைகள் எழுதின. ஓர் உளூவுக்கு அதில் சுமார் 1.3 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்றார்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டே உளூச் செய்யும் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டால் அது சிக்கனந்தான். ஆனால் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' தண்ணீரில், அதாவது இரு கைகளையும் சேர்த்து நிறைய அள்ளும் அளவு நீரில், உளூச் செய்தார்கள் என்பதைப் படித்தவர்களுக்கு 1.3 லிட்டரும் தாராளமாகவே தோன்றும்.

நம் கடிகாரத்தின் பாட்டனாரையும் சொல்லிவிடுகிறேன். திமிஷ்கிலுள்ள உமையாப் பள்ளிவாசலில் 'முவக்கித்', அதாவது தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்லும் அதிகாரியாக இருந்தவர் இப்னுஷ் ஷாத்திர். ஹிஜ்ரி 767-இல் அவர் செய்த சிறிய பித்தளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஒரு சாண்கூட அகலமில்லாத அந்தப் பெட்டிக்குள் நிழற்கடிகாரமும், காந்த ஊசியும், கிப்லா அறியும் ஏற்பாடும் அடங்கியிருந்தன. நேரம் அறியவும் திசை அறியவும் ஒரே கைப்பெட்டி. 2003-இல் தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவனம் கிப்லா காட்டும் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்ததற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முற்பட்டது அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் பெட்டியைப் பயன்படுத்தியவர் கணக்கு அறிந்த முவக்கித். இன்றைய பெட்டியைப் பயன்படுத்துபவர்களோ அதன் பின்பக்கத்து எழுத்துகளைக்கூடப் படிப்பதில்லை.

நம் வீடுகளுக்கு முதலில் வந்தவை பச்சைக் குவிமாடமும் மினாராவும் கொண்ட பிளாஸ்டிக் கடிகாரங்கள். அவை வெறும் அலாரக் கடிகாரங்களே. மணியடிப்பதற்குப் பதிலாகப் பாங்கோசை வரும், அவ்வளவே. நாம் வைத்த நேரத்தில்தான் அது ஒலிக்கும் என்பதால் அதனால் பெரிய தவறு நேர வழியில்லை. இப்போது சுவரில் தொங்குபவை வேறு வகை. ஐந்து வேளைக்குமான நேரத்தைத் தாமே கணக்கிட்டுக் கொள்பவை. அது மக்கா ஷரீஃபிலிருந்து வானொலி அலை மூலம் வருகிறது என்று உறுதியாக நம்பும் தாய்மார்களை நான் சந்தித்திருக்கிறேன். அப்படி எதுவும் வருவதில்லை. ஓர் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, அன்றைய தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால், அந்த ஊரில் சூரியன் எப்போது உச்சிக்கு வரும், எப்போது மறையும் என்று கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கை ஒரு சிறு மின்னணுச் சில்லு செய்கிறது. பாங்கும் அதே போன்ற ஒரு சில்லில் பதிவு செய்து வைக்கப்பட்டது. 'இந்த ஊர்' என்று நாம் சொல்லிவிட்டால் அதன்படி அது கணக்கிடும். ஊரைத் தவறாகச் சொன்னால்?

2023-ஆம் ஆண்டு ரமலானின் ஆறாம் நாள். கரூர் மாவட்டம் பள்ளப்பட்டிக்கு வெளியே, பள்ளிவாசல் பாங்கு எட்டாத தொலைவிலுள்ள தென்னந்தோப்பு வீடொன்றில் நோன்பு திறக்க என்னை அழைத்திருந்தார்கள். வீட்டின் பெரியம்மா எழுபதைத் தாண்டியவர். ஒரு நோன்பைக்கூட விட்டறியாதவர். கூடத்துச் சுவரில் புதிய கடிகாரம் ஒன்று பளபளத்தது. ரமலானுக்காகப் பேரன் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்ததாம். விரிப்பில் கஞ்சியும் வடையும் பேரீச்சம்பழமும் வைத்து அமர்ந்திருந்தோம். கடிகாரம் கணீரென்று பாங்கு சொல்லத் தொடங்கியது. பெரியம்மா பிஸ்மி சொல்லிப் பழத்தை வாயிலிட்டார். என் கையும் பழத்தை எடுத்துவிட்டது. தற்செயலாகச் சன்னல் வழியே பார்த்தேன். தென்னை மரங்களின் உச்சி ஓலைகளில் வெயில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"யாரும் திறக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வாசலுக்குப் போனேன். மேற்கே, வரப்புக்கு மேல், சூரியன் முழு வட்டமாக நின்றுகொண்டிருந்தது.

கடிகாரத்தை இறக்கிப் பார்த்தபோது விவரம் புரிந்தது. அதிலிருந்த ஊர்ப் பட்டியலில் இந்தியாவுக்கென்று சில பெருநகரங்களே இருந்தன. பேரன் தனக்குத் தெரிந்ததில் அருகிலுள்ள ஊராகச் சென்னையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். நம் மாநிலத்துக்குள்தானே, என்ன பெரிய வேறுபாடு என்று எண்ணியிருப்பார். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ 80.3 பாகை, பள்ளப்பட்டியினுடையது ஏறத்தாழ 77.9. இடையே இரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. எனவே மார்ச் மாதக் கடைசியில் சென்னையில் சூரியன் மறைந்து சுமார் 9 நிமிடம் கழித்தே பள்ளப்பட்டியில் மறைகிறது. நம் கைக்கடிகாரங்கள் நாடு முழுவதும் ஒரே மணி காட்டுகின்றன. சூரியன் அப்படிக் காட்டுவதில்லை.

பெரியம்மா வாயிலிருந்ததைத் துப்பிவிட்டார். ஆனாலும் பாதி விழுங்கியாகிவிட்டது. முதல் நாளிலிருந்தே இந்தக் கடிகாரத்தை நம்பித்தான் நோன்பு திறந்திருக்கிறார். "ஆறு நோன்பும் போயிடுச்சா ஹஜ்ரத்? அல்லாஹ் மன்னிப்பானா?" என்று அவர் கேட்டபோது குரல் நடுங்கியது. பேரன் தலைகுனிந்து நின்றார்.

நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே மேகமூட்டமான ஒரு நாளில், சூரியன் மறைந்துவிட்டதாக எண்ணி மக்கள் நோன்பு திறந்துவிட, பின்னர் சூரியன் தென்பட்டதுண்டு. அதை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரி ஷரீஃபில் காண்கிறோம். தவறாக எண்ணிச் செய்ததால் அதில் பாவமில்லை. ஆனால் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு. அதை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அன்றைய நோன்பையும் சேர்த்து ஆறு நோன்பு களா. பிறகு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. "பழம் சாப்பிட்டதும் உடனே மஃரிப் தொழுதுவிடுவீர்களா?" ஆம் என்றார். எனவே கடந்த ஐந்து நாட்களின் மஃரிபும் களா. சுபுஹு? சென்னைக்கு விடியலும் முன்னதாகவே வருகிறது. அதனால் சஹரில் கேடில்லை. முன்னதாகவே உணவை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாங்கைக் கேட்டவுடன் ஃபர்ளைத் தொழுதால் நேரம் வருமுன் தொழுததாகிவிடும். நல்லவேளையாகப் பெரியம்மா பாங்குக்குப் பின் அரைமணி நேரம் திக்ரு ஓதி முடித்த பிறகே தொழும் பழக்கமுடையவர். நாங்கள் பேசி முடிக்கும்போது சூரியன் மறைந்திருந்தது. நான் நோன்பு திறந்தேன்.

இது ஒரு வீட்டில் நடந்தது. இதே கடிகாரமும் இதே சென்னையும் இன்னும் எத்தனை ஊர்களில், எத்தனை சுவர்களில் தொங்குகின்றனவோ என்று அன்றிரவு முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஊர் மட்டுமன்றி வேறு சில அமைப்புகளும் அக்கருவிகளில் உண்டு. சுபுஹும் இஷாவும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகை இருக்கும்போது தொடங்கும் என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். கராச்சி முறையில் இரண்டுக்கும் 18 பாகை. எகிப்து முறையில் சுபுஹுக்கு 19.5, இஷாவுக்கு 17.5. மக்காவின் உம்முல் குரா முறையிலோ இஷாவுக்குப் பாகைக் கணக்கே கிடையாது. மஃரிபிலிருந்து 90 நிமிடம், ரமலானில் 120 நிமிடம். சவூதியில் வாங்கிய கடிகாரத்தை அப்படியே மாட்டினால், நம்மூரில் மஃரிபுக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடும் இஷா, ரமலானில் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதில் வரும். அஸருக்கும் தனியே ஒரு தேர்வு இருக்கும். உச்சி நிழல் நீங்கலாக ஒரு பொருளின் நிழல் அதன் அளவுக்கு வந்ததும் அஸர் என்பது ஷாஃபிஈ மத்ஹப். இரு மடங்கு ஆனதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நடைமுறை. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபியும் மிகுதி என்பதால், காயல்பட்டினத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து சீராக வந்த கடிகாரம் உள்நாட்டு மருமகள் வீட்டில் அஸரை முன்கூட்டியே சொல்லும்.

சரிபார்ப்பது எளிது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்து வேளை நேரத்தையும் ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிட வேறுபாடு இருக்கலாம். அட்டவணையில் பேணுதலுக்காகச் சில நிமிடம் சேர்ப்பார்கள். அதற்குமேல் இருந்தால் ஊரையும் முறையையும் மாற்றுங்கள். ஊர் பட்டியலில் இல்லையென்றால் பல கருவிகளில் அட்சரேகை தீர்க்கரேகை எண்களையே கொடுக்க முடியும். அதுவும் முடியாதென்றால் அழகுக்காகத் தொங்கட்டும். பாங்கை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது கிப்லா. நம் மாநிலத்தில் 'மேற்கு' என்று சொல்லிவிட்டு நிற்பவர்கள் பலர். உண்மையில் மேற்கிலிருந்து வடக்கே சென்னையில் சுமார் 18 பாகையும், கன்னியாகுமரியில் சுமார் 24 பாகையும் திரும்ப வேண்டும். இதற்குக் காந்த ஊசிக் கருவி நல்ல துணை. ஆனால் இரும்பு பீரோவுக்குப் பக்கத்திலும், இரும்புக் கட்டிலிலும், ஒலிபெருக்கிக்கு அருகிலும் வைத்துப் பார்த்தால் ஊசி அந்தப் பக்கமே சாயும். கைப்பேசியிலுள்ள திசைகாட்டியும் அப்படியே. உறையில் காந்தப் பொத்தான் இருந்தால் கேட்கவே வேண்டாம். புதுவீடு கட்டி, அறையில் கிப்லாவைக் குறித்துக்கொள்ள விரும்புபவர்களுக்குக் காசில்லாத கருவி ஒன்று சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் மே 28 அன்று நம் நேரப்படி பிற்பகல் 2.48-க்கும், ஜூலை 16 அன்று 2.57-க்கும் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நிமிடத்தில் முற்றத்தில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு இழுங்கள். அந்தக் கோடு போகும் திசையே கிப்லா. அன்று மேகம் மூடியிருந்தால் முந்திய நாளோ அடுத்த நாளோ அதே நேரத்தில் பார்க்கலாம். வேறுபாடு மிகச் சிறிது.

தஸ்பீஹ் எண்ணும் கருவியைப் பற்றிப் பல சகோதரிகள் கேட்கிறார்கள். கூடாது என்று சொல்ல ஏதுமில்லை. நபி (ஸல்) அவர்கள் பெண்களுக்கு விரல்களால் எண்ணும்படி அறிவுறுத்தினார்கள். மறுமையில் அவ்விரல்கள் பேச வைக்கப்படும் என்பதே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே விரல்கள் சிறந்தவை. கொட்டைகளையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு எண்ணிய முன்னோரும் உண்டு. அவ்வரிசையில் இதுவும் ஒன்று. எனக்குத் தயக்கம் தருவது, எண்ணிக்கையைக் கைப்பேசிக்கு அனுப்பி நேற்றைக்கும் இன்றைக்கும் வரைபடம் போட்டுக் காட்டும் புது மோதிரந்தான். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் இரவில் தத்தம் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரித்தாலும், அந்தத் திக்ரு யாருக்காக எண்ணப்படுகிறது என்று கேட்கத் தோன்றியது.

ஓதும் பேனாவை நான் மிகவும் விரும்புகிறேன். அதற்கென அச்சிடப்பட்ட முஸ்ஹஃபின் பக்கங்களில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். பேனாவின் நுனியிலுள்ள சிறு ஒளிக்கண் அப்புள்ளிகளைப் படித்து, அது எந்த ஆயத் என்று அறிந்து, காரியின் பதிவை ஒலிக்கும். ஆகவே வீட்டிலுள்ள வேறு முஸ்ஹஃபில் வைத்தால் அது வாய் திறக்காது. பழுதென்று எண்ணிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். வயது முதிர்ந்த பிறகு ஓதக் கற்க வெட்கப்படும் தாய்மார்களுக்கும் கண்பார்வை மங்கியவர்களுக்கும் இது பேருதவி.

ஆனால் பேனாவுக்கு வாய் உண்டு, காது இல்லை. எங்கள் மக்தபில் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, பேனாவைக் கொண்டே அம்ம ஜுஸ்வில் பாதியை மனனம் செய்திருந்தாள். ராகம்கூட அந்தக் காரியினுடையதே. கேட்க இனிமையாக இருந்தது. ஃபாத்திஹாவை ஓதச் சொன்னேன். 'அல்ஹம்து'வில் தொண்டையின் நடுவிலிருந்து வரவேண்டிய 'ஹா'வுக்குப் பதில், அடித்தொண்டையின் லேசான 'ஹா' வந்தது. மற்றோர் இடத்திலும் அவ்வாறே. தான் கேட்டதையே தானும் சொல்வதாக அவள் நம்பியிருந்தாள். தவறு என்று சொல்ல அருகில் யாருமில்லை. அந்த ஓர் எழுத்தைத் திருத்த எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது காலையில் மக்தபில் நான் சொல்லிக் கொடுக்கும் பாடத்தை மாலையில் வீட்டில் பேனாவை வைத்து அவள் பத்து முறை கேட்டு வருகிறாள். மறுநாள் என்னிடம் ஓதிக் காட்டிய பிறகே அடுத்த ஆயத்.